விரால் பார்ப்பு

ஏரி மீனைப் பற்றி என் வாயிலிருந்து யாரும் நல்ல வார்த்தை வாங்க முடியாது. கடல் மீனைக் கரையில் போட்டால் துள்ளும், சாகும், கண் பளிச்சென்று இருக்கும். அதில் ஒரு மரியாதை உண்டு. ஏரி மீன் சேற்றில் பிறந்து, சேற்றைத் தின்று, சேற்றிலேயே சாகிற ஜென்மம். கையில் எடுத்தால் சளி வழுக்கும். மணல் போட்டுத் தேய்த்தாலும் புளி போட்டுத் தேய்த்தாலும் பொழுது சாய்கிற வரைக்கும் விரல் நாறும். த்தூ, இப்போது சொல்லும்போதே வாயில் எச்சில் கூடுகிறது.

நான் ரகுபதி. திருவொற்றியூரில் கடற்கரைக் குப்பம் என்னுடையது. எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சேற்று மீன் சட்டியில் ஏறினால் வலையில் மீன் ஏறாது என்பார்கள். எங்கள் பெண்கள் கூடையில் வைத்து விற்கக்கூட ஏரி மீனைத் தொடமாட்டார்கள். அப்படிப்பட்ட குப்பத்தில் பிறந்த நான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்து மழைக்காலத்தில், மாதவரம் பக்கத்து ஏரி ஒன்றில் முழங்கால் சேற்றில் நின்றேன். புரட்டாசியில் என் கட்டுமரம் துறைமுகத்துக் கல்லில் மோதி மூன்று துண்டாகிவிட்டது. மரம் இல்லாத கடல்காரன் கரையில் கிடக்கிற கிளிஞ்சல் மாதிரி, யார் பொறுக்கினாலும் போகவேண்டியதுதான்.

என்னைப் பொறுக்கியவர் ஹென்றி துரை. ராயபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போர்மன் வேலை பார்த்த சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். தூண்டில் பைத்தியம். அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து எழுந்து ஒரு மாதம் லீவு போட்டிருந்தார், அதனால் தினமும் ஏரிக்குப் போனார். தெப்பம் தள்ளவும், தவளை பிடிக்கவும், கொக்கியில் மாட்டவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. கடல்காரனுக்குத் தண்ணீர் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டார். விடியலில் கிளம்பி, காலடிப்பேட்டை தாண்டி, கால்வாய் தாண்டி, சகதியில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஏரி.

அந்த ஏரியில் என்னென்ன இருந்தது என்று கேளுங்கள். கெளுத்தி இருந்தது. செதில் கிடையாது, வழவழவென்று, வாயைச் சுற்றி மீசை. பிடித்துத் தரையில் போட்டால் முனகும். மீன் முனகலாமா? வாளை இருந்தது, என் கை நீளத்துக்கு. துரை ஒன்றைக் கத்தியால் கிழித்தபோது உள்ளிருந்து பாதி கரைந்த எலி விழுந்தது. துரை அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, "நல்ல தீனி தின்னு கீது மேன்" என்று சந்தோஷப்பட்டார். நான் தெப்பத்தின் ஓரத்தில் குனிந்து காலைக் கஞ்சியை ஏரிக்கே கொடுத்தேன். அப்புறம் கொராமி என்று ஒன்று. சர்க்கார் எங்கேயோ ஒரு தீவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டதாம். பல்வலிக்காரன் மாதிரி உதடு வீங்கியிருக்கும், நெஞ்சில் இரண்டு நூல் தொங்கும், மாடு மாதிரி இலை தின்னும். இத்தனையையும் துரை தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்சுவார். தராசில் மாட்டுவார், நோட்டில் பெயர் எழுதுவார், அப்புறம் கரையில் வீசிவிடுவார்.

"சேறு டேஸ்டு மேன். யார் தின்றது?" என்பார்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் துரைக்கும் எனக்கும் ஒரே அபிப்பிராயம்.

ஏரியின் நீர்க்கட்டி அப்பாவு. மதகைத் திறக்கிறதும் அடைக்கிறதும் அவன் வேலை. கரைமேலேயே குடிசை. வயசு என் வயசுதான் இருக்கும். முதல் நாளே என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா நைனா, மீனத் தொட்டா பேதி மருந்து குடிச்சவனாட்டம் மூஞ்ச வெச்சிகினு கீற?"

"இது ஒரு மீனா? எங்க குப்பத்துல இத்த பூனைகூட மோந்து பாக்காது" என்றேன்.

"உங்க கடல்ல மட்டும் பன்னீரா ஊத்திக்கீறான்? ஊரு சாக்கடை மொத்தமும் அங்கதானே போவுது."

அவன் சொன்னது நிஜம். அதனாலேயே அவன்மேல் கோபம் வந்தது.

வீட்டில் என் நிலைமை வேறு. புஷ்பவல்லி பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. பெண் குழந்தை. அதற்கு முன்னால் இரண்டு பிறந்து இரண்டும் மாதம் தாண்டவில்லை. இது தங்கும் என்று நம்பியிருந்தோம். ஆனால் புஷ்பவல்லிக்குப் பால் சுரக்கவில்லை. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவை அவித்து, உதிர்த்து, பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்து கொடுப்பார்கள். இரண்டு வேளை தின்றால் ஜாக்கெட் நனைந்துவிடும். ஆனால் கடல் அப்போது மலை மலையாக எழும்பிக்கொண்டிருந்தது. குப்பத்தில் ஒரு மரமும் இறங்கி எட்டு நாள் ஆகியிருந்தது. சுறாவுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுச் செல்லம்மா தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக ஒரு வேளை எங்கள் பெண்ணுக்கும் கொடுத்தாள்.

இந்தக் கவலையை ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது வாய்தவறி அப்பாவுவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அவன் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். உள்ளே ஒரு விரால் சுருண்டு கிடந்தது. பாம்புத் தலை, கறுப்பு முதுகு. தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக் காற்றைக் குடித்தது.

"எட்த்துகினு போ. பூண்டும் மொளகும் போட்டு கொழம்பு வெக்கச் சொல்லு. எங்க பக்கம் புள்ள பெத்தவளுக்கு இதான் குடுக்கறது. மூணாம் நாளு பால் ஊறிப்பூடும்."

என்ன நல்ல மனசு. அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம்.

"சேத்து மீனத் தின்னா சேத்துப் பாலுதான் வரும். அத்தக் குடிக்க எம் பொண்ணு இன்னா தவளக் குஞ்சா? நீயே தின்னு" என்றேன்.

அப்பாவு பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு நாலாம் நாள். தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகிறேன், அல்லி இலைகளுக்கு நடுவில் ஒரு முறம் அளவுக்குத் தண்ணீர் சிவந்து கிடந்தது. செங்கல்லைக் கரைத்த சிவப்பு. அந்த இடம் மட்டும் தூறல் விழுகிற மாதிரிப் பொரிந்தது. வானத்தில் மழை இல்லை. உற்றுப் பார்த்தால் எல்லாம் மீன் குஞ்சு. அரிசி நீளம்கூட இல்லை, ஆயிரம் இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று மொய்த்துக்கொண்டு மேலே வருவதும் கீழே போவதுமாக.

தண்ணீரின் நிறம் பார்த்து மீன் சொல்வது எங்கள் தொழில். கடலில் பொடி மீன் இப்படி மேலே வந்து பொரிந்தால், கீழே ஒருவன் துரத்தித் தின்றுகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். சூரையோ பாரையோ வஞ்சிரமோ, யாரோ ஒருவன். பொடி மீனுக்குக் கீழே இருக்கிறவன் தின்கிறவன். பேச்சு வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்த பாடம் அது.

"துரை, அந்தச் செவப்புக்கு அடியில பெரிசு ஒண்ணு மேஞ்சிகினு கீது. நடுவுல போடுங்க" என்றேன்.

துரை தவளையை வீசினார். விழுந்த மாத்திரத்தில் தண்ணீர் வெடித்தது. நான் எத்தனையோ மீன் தூண்டிலில் கவ்வுவதைப் பார்த்திருக்கிறேன், இது கவ்வின மாதிரி இல்லை. அடித்த மாதிரி இருந்தது. வாயால் பிடித்து அப்பால் தள்ளப் பார்த்தது. துரை இழுத்துப் போட்டார். விரால், நாலு பவுண்டு. பத்து நிமிஷம் கழித்து அதே இடத்தில் வீசினார். இன்னொரு விரால், அதைவிடக் கொஞ்சம் சின்னது.

"இன்னா கண்ணு மேன் உனக்கு" என்று துரை என் முதுகில் தட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சேற்றுக்கு வந்த நாளாக அன்றுதான் நான் நிமிர்ந்து நின்றேன்.

கரைக்கு வந்தோம். அப்பாவு இரண்டு விராலையும் பார்த்தான். அப்புறம் அல்லிப் பக்கம் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. துரை காதில் விழாமல் என்னைத் தள்ளிக்கொண்டு போனான்.

"செவப்புக்கு நடுவுலயா போட்டீங்க?"

"ஆமா. குஞ்சுங்களத் தின்னுகினு இருந்துச்சு. நான்தான் காட்டினேன்."

"தின்னுகினு இருந்துச்சா?" என்றான் அப்பாவு. "அடப் பாவி. அது அதோட பார்ப்புடா, அது பெத்த குஞ்சுங்க. ஆத்தாளும் அப்பனும் அடியில சுத்திகினு காவ காக்கும். குஞ்சு வெரல் நீளம் வர வரைக்கும் ரெண்டும் சரியா எர எடுக்காது. கிட்ட எது வந்தாலும் அடிக்கும். அது பசியில வாயத் தொறக்கலடா, கோவத்துல தொறந்துச்சு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கடலில் முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற மீனைத்தான் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்துத் தன் குஞ்சையே தின்கிற மீனும் தெரியும். நின்று காக்கிற மீனை நான் எங்கே கண்டேன்?

"பார்ப்போட கீற விரால எங்க பக்கம் குடிகாரன்கூடத் தொடமாட்டான்" என்றான் அப்பாவு. "கலீஜ் புடிச்ச பயலே."

கலீஜ். அசிங்கம் பிடித்தவன் என்று ஏரிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்துச் சொல்கிறான். அவன் சொன்னதைவிட அவன் காறித் துப்பிய விதம்தான் எனக்கு உறைத்தது. கெளுத்தியைத் தொட்டபின் நான் துப்புகிற மாதிரியே துப்பினான்.

அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் அது ஒரே பந்தாக இருந்தது. அப்புறம் இப்படியும் அப்படியும் நீண்டது, எங்கே போவது என்று தெரியாத மாதிரி. ஒரு குறவை மீன் வந்து நடுவில் வாயைத் திறந்தது. கெண்டைகள் வந்தன. கீழேயிருந்து மீசைகள் நீண்டன. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பழையபடி பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. துரை வீசிப்போட்ட இரண்டு விராலையும் கரையில் பருந்துகள் கொத்திக்கொண்டிருந்தன.

தெரியாமல் செய்தது அந்த ஒரு நாள்தான். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். மறுநாள் துரை தன் தோஸ்துகள் மூன்று பேரைக் கூட்டிவந்தார். "இவன் கண்ணு பாருங்க" என்று என்னைக் காட்டினார். எனக்கு அவருடைய பழைய சட்டை ஒன்று கிடைத்தது, தெப்பத்தின் முனையில் உட்காருகிற கௌரவம் கிடைத்தது. நான் விரலை நீட்டினேன். அங்கே, இங்கே, அந்தக் கோரைக்குப் பக்கத்தில். ஆறு நாளில் ஏழு பார்ப்பு. வீசின வீச்சுக்கெல்லாம் விரால் வந்தது. வராமல் எங்கே போகும்? பிள்ளைகளை விட்டுவிட்டு அதற்கு ஓடத் தெரியவில்லை.

அந்த ஆறு நாளும் நான் அப்பாவு முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மதகுப் பக்கம் கோரையை வெட்டுவதும் தண்ணீரில் பரப்புவதுமாக இருந்தான்.

ஏழாம் நாள் காலையில் செல்லம்மா பிள்ளைக்குக் காய்ச்சல். "என்னிய மன்னிச்சுக்கோ" என்று எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் பெண்ணுக்கு அழக்கூடச் சக்தி இல்லை. வாயைத் திறக்கும், சத்தம் வராது. சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் தோய்த்து வைத்தால் ஓரத்தில் வழிந்துவிடும். முந்தின இரண்டும் போவதற்கு முன்னால் இப்படித்தான் சத்தத்தை நிறுத்தின. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அந்த ஏரிக்காரன் ஒரு மீன் குடுத்தான்னியே" என்றாள் புஷ்பவல்லி.

"சேத்து மீனு" என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண் குழிக்குள் போயிருந்தது.

"நீ தெனம் அந்தத் தண்ணியிலதான் நிக்கிற. அந்த நாத்தத்தோடதான் வூட்டுக்குள்ள வர்ற. அந்தக் கையாலதான் இந்தப் பொண்ணத் தூக்கற. மீனு மட்டும் உள்ள வரக் கூடாதா? சேத்து மீனோ சாக்கடை மீனோ, போய்க் கொண்டாய்யா."

டோல்கேட் சந்தையில் முதலில் தேடினேன். மழைக்கு எந்த ஏரிக்காரனும் விரால் கொண்டுவரவில்லை. அங்கிருந்து நேராக அப்பாவுவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, துரைமார் யாரும் ஏரிக்கு வரவில்லை. அவன் மதகுப் பலகைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அவன் காலடியில் சேற்றிலேயே உட்கார்ந்தேன்.

"அப்பாவு, அந்தப் பானை விராலு..."

"அன்னிக்கே பக்கத்தூட்டுக்குக் குடுத்துட்டேன்."

"வேற ஒண்ணு புடிச்சிக் குடு. பொண்ணு சத்தத்த நிறுத்திட்டா."

கயிறு திரித்த கை நின்றது. "எங்கேந்து புடிக்கறது? தண்ணி பெருகிப்போச்சு. பார்ப்பு இல்லாத விராலு கோரைக்குள்ள சிதறிப்பூடும், எர தொடாது. இந்த மழையில தூண்டில்ல வர்றது பார்ப்போட நிக்கறது மட்டுந்தான். அத்தத்தான் ஒண்ணு விடாம நீ காட்டிக் குடுத்துட்டியே."

நான் சேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவன் கயிற்றைக் கீழே போட்டான். அப்புறம் எழுந்து, "வா" என்றான்.

மதகுக்குப் பின்னால் ஒரு மூலையில் தண்ணீர்மேல் வெட்டின கோரை பரப்பிக் கிடந்தது. அப்பாவு குனிந்து ஓரத்தை விலக்கினான். அடியில் சிவப்பு.

"ஒன் துரைங்க கண்ணுல படக் கூடாதுன்னு மூடி வெச்சேன். அப்பன்காரன் முந்தாநாளு வெளியில வந்து மாட்டிக்கினான். ஆத்தா மட்டும் கீது. பத்து நாள் பொறு, பார்ப்பு பிரிஞ்சிடும். அப்பால நானே புடிச்சித் தரேன்."

"பத்து நாள் தாங்காது அப்பாவு."

"நல்லாத் தெரியுமா?"

"ரெண்டு பாத்துட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப ஒன் புள்ள, ஒன் கை. நான் தொடமாட்டேன்" என்றான். கரைமேல் ஏறி, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஒரு தவளையைப் பிடித்து, மடியில் செருகியிருந்த கைக்கயிற்றுக் கொக்கியில் மாட்டினேன். அதன் கால் என் விரலை உதைத்தது. தொடை ஆழத்தில் இறங்கி, கோரையை விலக்கிவிட்டு, சிவப்புக்கு நடுவில் விட்டேன். உடனே அடித்தாள். அந்த அடி கயிறு வழியாக என் தோள் வரைக்கும் ஏறியது. ஒருதரம் என்னையே பார்த்துத் திரும்பி வந்து என் முழங்காலில் முட்டினாள். எந்த மீனும் பிடிக்கிறவனை நோக்கி வந்து நான் பார்த்ததில்லை. இழுத்து, அரைஞாண் கயிற்றில் செருகியிருந்த கட்டையால் தலையில் இரண்டு போடு போட்டேன். சளி முகத்தில் தெறித்தது. செவுளில் நார் கோத்து இடுப்பில் கட்டினேன்.

முடிந்தது என்று திரும்பினேன். குஞ்சுகள் சிதறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். சிதறவில்லை. வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது, என் நிழல் தண்ணீரில் கறுப்பாக விழுந்திருந்தது. அவை அந்த நிழலுக்குள் வந்தன. முதலில் பத்து இருபது, அப்புறம் மொத்தமும். என் இரண்டு காலையும் சுற்றி மொய்த்தன. முழங்காலுக்குப் பின்னால், ஆடுசதையில், விரல் இடுக்கில், சின்னச் சின்ன வாயால் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. நான் இடது காலை ஒரு சாண் நகர்த்தினேன். அவையும் ஒரு சாண் நகர்ந்தன.

சிவப்புக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, கலங்கல் தண்ணீரில் மீசைகள் தெரிந்தன. கெளுத்திகள். கிட்ட வரவில்லை. என் கால் இருந்ததால் வரவில்லை.

கடலில் நான் படித்த பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொடி மீனுக்குக் கீழே இருக்கிறவன் தின்கிறவன் என்று துரைக்குச் சொன்னேனே, அன்று அது பொய். இன்று அந்த இடத்தில் நிற்கிறவன் நான், இடுப்பில் அவற்றின் தாய் தொங்குகிறாள், அவை என் காலைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. வாழ்க்கையில் எத்தனையோ அசிங்கத்தைத் தொட்டிருக்கிறேன். என் உடம்பை நானே உரித்துப் போட்டுவிட்டு ஓடவேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நிழல் குட்டையாகிவிட்டது.

"எம்மாம் நேரம் நிப்ப?" என்றான் அப்பாவு. இந்தப் பக்கம் திரும்பாமலேயே கேட்டான். "பத்து நாளு இங்கயே நிக்கப் போறியா? வூட்டுக்குப் போ. அங்க ஒண்ணு காத்துகினு கீது."

நான் காலை எடுத்தேன். கரை ஏறும் வரைக்கும் அவை கூடவே வந்தன. தண்ணீர் முடிகிற இடத்தில் நின்றுவிட்டன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது.

புஷ்பவல்லி தானே எழுந்து அடுப்பு மூட்டினாள். சேற்று மீன் பட்ட சட்டியை அப்புறம் தூக்கி எறிந்துவிடலாம் என்று ஓரம் உடைந்த சட்டியில் வைத்தாள். பூண்டு, மிளகு, கொஞ்சம் மஞ்சள். வீடு முழுக்கச் சேற்று வாடை. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். உள்ளே அவள் முள்ளை ஒவ்வொன்றாக உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இரண்டு நாள் அந்தக் குழம்பு. சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் பால் இறங்கியது. எங்கள் பெண் ஒரு மடக்கு குடித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி குடித்தாள். சாயங்காலம் தெருவே கேட்கிற மாதிரி அழுதாள்.

"ரோசத்தப் பாரு உம் பொண்ணுக்கு" என்றாள் புஷ்பவல்லி. அத்தனை நாளில் முதல்தரம் சிரித்தாள். "நல்லாத்தான் கீது அந்த மீனு. விராலு ஜோடி ஜோடியா கீதுன்றாங்களே, இன்னொண்ணு கொண்டாயேன்."

"அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றேன்.

துரையின் வேலைக்கு நான் அப்புறம் போகவில்லை. அப்பாவுவையும் பார்க்கவில்லை, பார்க்க எனக்கு முகம் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில், புஷ்பவல்லி பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "சொம்மா குந்திகினு கீறியே, கால நீட்டு, தண்ணி வெளாவற வரைக்கும் கால்மேல வெச்சிக்கோ" என்று எண்ணெய் தேய்த்த பெண்ணைக் குப்புற என் காலில் கிடத்திவிட்டு உள்ளே போனாள். பெண் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். அப்புறம் பால் என்று நினைத்து, என் ஆடுசதையில் வாயை வைத்துத் தேடினாள். சின்ன வாய், ஈரம், தொட்டுத் தொட்டு.

நான் அலறிவிட்டேன் போலிருக்கிறது. புஷ்பவல்லி ஓடிவந்தாள்.

"இன்னாய்யா? எறும்பு கடிச்சிச்சா?"

"இல்ல" என்றேன். "இவளத் தூக்கிக்கோ."

"பாலுக்குத் தேடுது. இன்னா பண்ணிடும் உன்ன?" என்றாள்.

"தூக்கிக்கோ" என்றேன். அவள் தூக்கிக்கொண்டாள். நான் வெளியே போய்க் கடல் தண்ணீரில் காலைக் கழுவினேன்.